பெட்டி எண் 07-412

சாவி கீழே தபால் பெட்டிக்குள், நித்தியகலா.
பெட்டிப் பூட்டு சரியில்லை,
தூக்கிப் பிடித்துத் திருப்பு.
நீ ஈசூன் வந்து சேரும்போது
நான் செங்காங்கில் வேறோர் அறையில்
தூங்கிக்கொண்டிருப்பேன்.
தயிர் உனக்குத்தான். நாளைக்குள் சாப்பிடு.

ஒப்புதல் கடிதத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும்.
அதற்குள் பாஸ் கைக்கு வரவேண்டும்.
கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பார்கள்.
பார்த்துக்கொள்ளாது.
ஹெச்.ஆரில் சியூ லிங்கைக் கேள்,
இரண்டரை மணிக்கு மேல்,
சாப்பிட்டபின் கொஞ்சம் இளகியிருப்பாள்.

பிறகு பெயர்.
நம் இனிஷியலை இங்கே விரித்துவிடுவார்கள்.
ஒற்றை எழுத்தாய் முன்னால் நின்ற அப்பா
முழு நீளத்துக்குப் பின்னால் வந்து உட்காருவார்.
மருத்துவப் பரிசோதனைக்குப் போன அன்று
'மிஸ் சுடலைமுத்து' என்று மூன்று முறை கூப்பிட்டார்கள்.
யாரோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.
எண் தாண்டிப் போய்
மறுபடி கடைசியில் நின்றேன்.
நீ எழுந்துவிடு.

உன் டிகிரியில் ஓர் 'ஐ' குறைகிறது என்றாயே,
அதைச் சின்ன விஷயமென்று விடாதே.
அந்த 'ஐ' வேறொருத்தி.
இரண்டும் நீதான் என்று
ஊரில் பத்திரம் எழுதி வாங்கு.

பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும்.
தமிழ் இங்கே ஆட்சிமொழிதான்,
ரயில் மேடையில் எச்சரிப்பதும் தமிழில்தான்.
இருந்தாலும் மொழிபெயர்க்க வேண்டும்.
சிராங்கூன் சாலை மாடியில் ஒருவர் செய்து கொடுத்தார்.
'பெண் மகவு' என்ற இடத்தில்
அரை நிமிடம் பேனாவைக் கடித்தார்.

சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியாதே.
கீழ் இழுப்பறையில் பச்சைக் கோப்பு வைத்திருக்கிறேன்,
காலியாக.

தேக்காவில் உனக்குக் காப்பி வாங்கித் தந்து
பி.ஆர். என் பொறுப்பு என்று ஒருவர் சொல்வார்.
'உத்தரவாதம்' காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடு,
காப்பி பாதியில் இருந்தாலும்.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
யாருடையது என்று கேட்காதே.

தேவகிருபையும் நானும் ஒரே வாரம் போட்டோம்,
ஒரே மேசை, ஒரே மடிக்கணினி.
அவள் ஸ்கேன்கள் கோணலாய் இருந்தன,
நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன்.
எட்டு மாதம் கழித்து அவளுக்குக் கிடைத்தது.
எனக்கு நாலு வரி.
காரணம் எழுதமாட்டார்கள்.
நானே சில காரணங்கள் செய்து பார்த்தேன்.
சம்பளம், வயது, கல்யாணமாகாதது,
புகைப்படத்தில் விழுந்த என் முழி.
ஒரு வாரம் அவளிடம் உப்பு கேட்கவில்லை.
சாம்பாரைச் சப்பென்றே சாப்பிட்டேன்.
இது அறிவுரை இல்லை.
ஆனாலும் உனக்கென்று தனியாக
ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வை.

வேலை போனால்
பெரும்பாலும் முப்பது நாள் தருவார்கள்.
கடிதத்தில் உள்ளதைத்தான் நம்ப வேண்டும், என்னை அல்ல.
அழுவதற்கு ஒருநாள் எடுத்துக்கொள்.
நான் நாலு எடுத்தேன், அதிகம்.

'பி.ஆர். வந்துச்சா?' என்று ஊரிலிருந்து கேட்பார்கள்,
'விசேஷம் உண்டா?' என்று கேட்கிற
அதே குரலில்.
வரிசையில் நிற்கிறேன் என்று சொல்.
இங்கே எந்த நேரமும் அது உண்மைதான்,
கோழிச் சோற்றுக்காவது.

துணிக்கழி, இடமிருந்து மூன்றாவது, ஆடும்.
போர்வை போடாதே.

மூன்றாம் முறையும் போட்டிருக்கிறேன்,
போன செவ்வாய்க்கிழமை இரவு,
உன் கட்டிலில் உட்கார்ந்து.
கிருபைக்குத் தெரியாது.

வீடு மாறினால் முகவரியை மாற்றச் சொல்லிவிட வேண்டும்.
நான் இன்னும் சொல்லவில்லை, இந்த வாரம் செய்வேன்.
அதுவரை பெட்டியில்
சுடலைமுத்து என்று பெயர் போட்டு ஏதாவது வரும்.
எடுத்து வை.
அப்படி யாரும் இங்கே இல்லை என்று
எழுதித் திருப்பி அனுப்பிவிடாதே.